தெளிந்த தண்ணீர்... வீங்கும் கல்லீரல்! இச்சாமதிக் கரை கிராமங்களின் கதை

கொல்கத்தாவின் சியால்டா ஸ்டேஷனில் போங்காவ் லோக்கல் ரயிலில் ஏறினால், பாராசாத் தாண்டியதும் நகரம் மெல்ல விலகி வயல்கள் தலைகாட்டும். ஹாப்ரா, கோபர்டாங்கா, தாக்கூர்நகர், சாந்த்பாரா என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். கடைசி ஸ்டேஷன் போங்காவ். அதற்கு அடுத்து பங்களாதேஷ் எல்லை. ரயில் பாதைக்கு இணையாகப் போகிறது பழைய ஜெசோர் சாலை. அதன் இருபுறமும் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களைப் பார்க்கவே ஒருமுறை போய் வரலாம்.

மேற்கு வங்கத்தின் வடக்கு 24 பர்கானா மாவட்டம் இது. இச்சாமதி ஆறும் அதன் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண். கையில் அள்ளினால் மாவு மாதிரி இருக்கும். ஒரு கல் கிடைக்காது. தை, மாசியில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் போரோ நெல் நடவு நடக்கும். நம் நவரைப் பட்டம் போன்றது அது. முழுக்க இறவைப் பாசனம். மழையை நம்பி நடும் ஆமன் நெல், நம் சம்பா மாதிரி. ஆவணி, புரட்டாசியில் போனால் குளம் குட்டையெல்லாம் சணல் ஊறும் நாற்றம். அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பிடிப்பவர் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்! தாக்கூர்நகர் பூச்சந்தையில் செண்டுமல்லி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெற்றிலைக் கொடிக்கால், கடுகு, காய்கறி என்று ஒரு துண்டு நிலம்கூடச் சும்மா கிடக்காது.

வீட்டுக்கு ஒரு குளம். வங்காளிகள் 'புகூர்' என்பார்கள். குளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அடி பம்ப். இருபது முறை அடித்தால் குடம் நிறையும். கோடையிலும் வற்றாது. கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு நான்கு தெரு அலையும் நம் ஊர்ப் பெண்கள் பார்த்தால், கொடுத்துவைத்த ஊர் என்றுதான் சொல்வார்கள். அந்தத் தண்ணீரில்தான் பிரச்னை.

குளத்திலிருந்து பம்ப்புக்கு...

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இந்த மக்கள் குளத்துத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும்தான் குடித்தார்கள். அதே குளத்தில் குளியல், துணி துவைப்பு, மாடு கழுவுதல் எல்லாம். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போயின. அதைத் தடுக்கத்தான் 1970-களில் அரசும் தொண்டு நிறுவனங்களும் ஊர் ஊராக டியூப்வெல் இறக்கின. வண்டல் மண் என்பதால் நான்கு ஆட்கள் கையாலேயே ஒரே நாளில் இறக்கிவிடலாம். செலவும் குறைவு. பிறகு மக்கள் தாங்களாகவே வீட்டுக்கு வீடு போட்டுக்கொண்டார்கள். வயிற்றுப்போக்குச் சாவுகள் குறைந்தன. அந்த வகையில் அது நல்ல திட்டம். கிருமி இருக்கிறதா என்று பார்த்தவர்கள், ஆர்செனிக் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஆர்செனிக் என்பது நம் சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்கிறோமே, அதன் மூலப்பொருள். இங்கே அதை யாரும் கொட்டவில்லை. ஆலைக் கழிவும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. இமயமலைப் பாறைகளில் இருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆறுகள் அரித்துவந்த மணல் துகள்களின் மேல் துரு மாதிரி இரும்புப் படலம் இருக்கிறது. ஆர்செனிக் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணுக்கு அடியில் மக்கிய செடிகொடிகள் புதைந்து கிடக்கும் இடத்தில் காற்று இருக்காது. காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் அந்த இரும்புப் படலத்தைக் கரைத்துவிடும். இரும்பு கரைந்தால் அதோடு இருந்த ஆர்செனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடும்.

சுமார் 60 அடியிலிருந்து 250 அடி வரை உள்ள மணல் அடுக்கில்தான் இது அதிகம். அடி பம்ப் குழாய்கள் போய் நிற்பதும் சரியாக அந்த ஆழத்தில்தான். 500 அடிக்குக் கீழே பெரும்பாலும் பாதுகாப்பான தண்ணீர். மேலே திறந்த கிணற்றில் காற்று படுவதால் அங்கும் பொதுவாக ஆர்செனிக் குறைவு. ஆனால், கிருமி இருக்கும். ஆக, மேலும் நல்லது, கீழும் நல்லது, நடுவில் விஷம்.

இதில் இன்னொரு சங்கடம்... பக்கத்துப் பக்கத்து வீட்டு பம்ப் இரண்டில் ஒன்று மோசமாகவும் இன்னொன்று நன்றாகவும் இருக்கும். நிறம், மணம், ருசி எதிலும் வித்தியாசம் தெரியாது. பம்ப் மேடையில் செந்நிறக் கறை படிந்திருந்தால் தண்ணீரில் இரும்பு அதிகம் என்று பொருள். அப்படிப்பட்ட பம்ப்பில் ஆர்செனிக் இருக்கும் வாய்ப்பு கூடுதல். கொய்யா இலையைக் கசக்கிப் போட்டால் தண்ணீர் கறுத்துப்போகும் என்று அங்குள்ள பெண்கள் சொல்வதும் இரும்புக்கான சோதனைதான். ஆர்செனிக்குக்கு அது சாட்சி ஆகாது. ஒவ்வொரு பம்ப்பையும் தனித்தனியாகப் பரிசோதிப்பது தவிர வேறு வழியில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பங்களாதேஷில் அப்படிப் பரிசோதித்து, மோசமான பம்ப்புக்குச் சிவப்பு பெயின்ட், நல்ல பம்ப்புக்குப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற ஏற்பாடு அது.

உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது, ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் 1 கிராம்! அவ்வளவு சிறிய அளவுதான். ஆனால், இந்தப் பகுதியில் அதைப்போல இருபது மடங்கு, ஐம்பது மடங்கு உள்ள பம்ப்புகள் எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

தோலில் தெரிந்தது... வயிற்றில் இருந்தது!

1983-ம் ஆண்டு கொல்கத்தாவின் 'ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசின்' மருத்துவமனையில் தோல் நோய் மருத்துவராக இருந்தவர் டாக்டர் கே.சி.சாஹா. நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தது மாதிரி கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். உள்ளங்கை, உள்ளங்காலில் மரு மாதிரி தடிப்புகள்... இப்படி வந்த கிராமத்து நோயாளிகளைப் பார்த்து, இது ஆர்செனிக் வேலை என்று கண்டுபிடித்தவர் அவர். அதன் பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் டாக்டர் தீபாங்கர் சக்ரவர்த்தி குழுவினர் மாவட்டம் மாவட்டமாகப் பம்ப் தண்ணீரைப் பரிசோதித்து, நதியா, முர்ஷிதாபாத், மால்டா வரை இந்தப் பிரச்னை பரவிக் கிடப்பதை வெளியே கொண்டுவந்தார்கள்.

தோல் புள்ளி வெளியே தெரிந்தது. அதனால் பேசப்பட்டது. கல்லீரல் விஷயம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதைத் தேடிப் போனவர் கொல்கத்தாவைச் சேர்ந்த வயிறு, கல்லீரல் மருத்துவர் டாக்டர் டி.என்.குஹா மஜூம்தார். 24 பர்கானா பகுதியில் ஆர்செனிக் தண்ணீர் குடித்த குடும்பங்களில் 67 பேரை அவர் குழு பரிசோதித்தது. அதில் 62 பேருக்குக் கல்லீரல் வீங்கியிருந்தது. அதே பகுதியில் நல்ல தண்ணீர் குடித்தவர்கள் 96 பேரைப் பார்த்தபோது, 6 பேருக்குத்தான் வீக்கம் இருந்தது. 1988-ல் வெளியான இந்தக் கணக்கைப் படித்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அதற்கும் முன்பே, 1976-ல் சண்டிகரில் டாக்டர் டி.வி.தத்தா, கல்லீரல் நோயாளிகள் வந்த வட இந்தியக் கிராமங்களின் குடிநீரில் ஆர்செனிக் இருப்பதைச் சொல்லியிருந்தார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது வருத்தமான விஷயம்.

கல்லீரலை ஏன் தாக்குகிறது? நாம் சாப்பிடுவது, குடிப்பது எல்லாம் குடலில் உறிஞ்சப்பட்டு, ஒரு பெரிய ரத்தக்குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். கால்வாய்த் தண்ணீருக்குத் தலைமடை மாதிரி உடம்புக்குக் கல்லீரல். ஆர்செனிக் வந்தால், அதை வேறு வடிவத்துக்கு மாற்றி, சிறுநீரில் கழித்துவிடுவது கல்லீரலின் வேலை. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சமாளித்துவிடும். தினமும் நான்கைந்து லிட்டர் வீதம் பத்து, பதினைந்து ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தால்? வெயிலில் சணல் அறுப்பவர் இன்னும் அதிகமாகத்தான் குடிப்பார். மாற்றும் வேலையின் நடுவில் உருவாகும் சில பொருட்கள், வந்த ஆர்செனிக்கைவிட அதிக நஞ்சு கொண்டவை. அவை கல்லீரலையே புண்ணாக்குகின்றன.

புண் ஆறும் இடத்தில் நார் மாதிரித் தழும்பு கட்டும். ரத்தக்குழாய் கல்லீரலுக்குள் நுழைந்து கிளை பிரிகிற இடத்தைச் சுற்றித்தான் இந்த நார் அதிகம் படிகிறது. தலைமடையில் கோரை மண்டினால் என்ன ஆகும்? தண்ணீர் எதிர்த்து ஏறும், பலவீனமான கரையில் உடைத்துக்கொண்டு போகும். இங்கும் அதேதான். ரத்தம் பின்னால் தேங்கி, மண்ணீரல் வீங்குகிறது. உணவுக்குழாயின் அடியில் உள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் புடைக்கின்றன. ஒரு நாள் அதில் ஒன்று வெடித்து, ரத்த வாந்தி வருகிறது.

இது குடிகாரர்களுக்கு வரும் கல்லீரல் சுருக்க நோய் அல்ல. கல்லீரல் செல்கள் பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். மஞ்சள் காமாலை இருக்காது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஏறக்குறைய எல்லாமே சரியாக இருப்பதாகக் காட்டும். வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, பசி இல்லை, சோர்வாக இருக்கிறது என்பார்கள். யார் பொருட்படுத்துவார்கள்? ரத்த வாந்தி எடுத்து, கல்லீரல் என்று பேச்சு வந்த பிறகு, 'எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத ஆள், வீட்டுப் பம்ப் தண்ணீரைத் தவிர வேறு எதையும் குடிக்காத ஆள், ஊர் முன்னால் குடிகாரன் பட்டம் வாங்குவதைவிடக் கொடுமை வேறு உண்டா?

பின்னாளில் 248 ஆர்செனிக் நோயாளிகளைப் பார்த்த ஆய்வில் 190 பேருக்குக் கல்லீரல் வீக்கம் இருந்தது. 69 பேரின் கல்லீரலில் இருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்ததில், 63 பேருக்கு மேலே சொன்ன இந்த நார்க்கட்டு இருந்தது.

ஒரே பம்ப், ஒரே வீடு. ஆனால், ஒருவருக்கு நோய் முற்றும், இன்னொருவர் தெம்பாக இருப்பார். உடம்பு வாகு ஒரு காரணம். சாப்பாடு இன்னொரு காரணம். ஆர்செனிக்கை மாற்றிக் கழிக்கக் கல்லீரலுக்குப் புரதமும், கீரைகளில் உள்ள ஃபோலிக் அமிலமும் வேண்டும். பங்களாதேஷில் ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்துப் பார்த்ததில், ரத்தத்தில் ஆர்செனிக் அளவு குறைந்தது. சோறும் உப்பும் மிளகாயுமாக வயிற்றை நிரப்பும் ஏழை வீட்டில்தான் இந்த நோய் வேகமாக முற்றுகிறது. பருப்பு, கீரை, முட்டை, குளத்து மீன் என்று சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் சக்தி உண்டு. கொஞ்சம்தான். அதை வைத்துக்கொண்டு கெட்ட தண்ணீரைக் குடிக்க முடியாது.

மருந்து உண்டா என்றால், உடம்பிலிருந்து ஆர்செனிக்கை இழுத்து வெளியேற்றும் ஒரு மாத்திரையை டாக்டர் குஹா மஜூம்தார் குழு சோதித்துப் பார்த்தது. ஒரு பிரிவுக்கு அந்த மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு வெறும் மாவு மாத்திரை. இரண்டு பிரிவுமே ஒரே அளவுக்குத் தேறினார்கள்! மருத்துவமனையில் இருந்தபோது இரு பிரிவும் குடித்தது நல்ல தண்ணீர். தண்ணீரை மாற்றுவதே முதல் வைத்தியம் என்பது அதில் தெளிவானது. ஆரம்ப நிலையில் மாற்றிவிட்டால் தோலும் உடம்பும் தேறும். நார் கட்டிய கல்லீரல் பழைய நிலைக்கு வருவது கடினம். புடைத்த ரத்தக்குழாய்களை எண்டோஸ்கோபி மூலம் கட்டிவிட்டு, ரத்த வாந்தியைத் தடுக்க வழி இருக்கிறது.

வயலுக்கும் அதே தண்ணீர்தான்!

குடிதண்ணீரை மாற்றியாயிற்று, பிரச்னை முடிந்தது என்று நினைத்தால், அது தட்டு வழியாக வருகிறது. போரோ நெல்லுக்குப் பாய்ச்சுவதும் அதே ஆழத்துத் தண்ணீர்தான். நான்கு மாதம் தண்ணீர் கட்டி நிறுத்தும்போது, வயலில் காற்றில்லாத நிலை உண்டாகி, மண்ணில் உள்ள ஆர்செனிக்கும் கரைகிறது. மணிச்சத்து, சாம்பல்சத்து மாதிரி, நெல் சிலிக்காவையும் நிறைய எடுக்கும் பயிர். சிலிக்கா நுழையும் வழியிலேயே இதுவும் நுழைந்துவிடும். வேரில்தான் மிக அதிகம், அடுத்து வைக்கோல், அதற்கடுத்து உமி, கடைசியாக அரிசி. அரிசியில் குறைவு என்றாலும், மூன்று வேளையும் சோறு தின்னும் ஊரில் அது சேர்ந்துவிடும். வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. சேம்பு மாதிரியான பயிர்களும் இந்தத் தண்ணீரில் வளர்ந்தால் ஆர்செனிக்கை நிறைய ஏற்றிக்கொள்கின்றன.

நதியா மாவட்டம் மோகன்பூரில் உள்ள விதான் சந்திர கிருஷி விஸ்வவித்யாலயா என்ற வேளாண் பல்கலைக்கழகம் இதில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. அவர்கள் சொல்வதில் முக்கியமானது நமக்கும் தெரிந்ததுதான்... காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது. வயல் இடையிடையே காய்ந்தால் மண்ணுக்குள் காற்றுப் போகும். ஆர்செனிக் மீண்டும் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரும் மிச்சம். பூக்கும் தருணத்தில் மட்டும் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பதராகிவிடும். மழைநீரைக் குளத்தில் தேக்கி, டியூப்வெல் தண்ணீரோடு மாற்றி மாற்றிப் பாய்ச்சுவது இன்னொரு வழி. போரோவைக் குறைத்து, கடுகு, பயறு, எள் போடுவது மூன்றாவது. ஆனால், போரோ தரும் மகசூலையும் கைக்காசையும் இவை தருவதில்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவரிடம் போரோவை விடு என்று சொல்வது சுலபம். அவர் நிலையில் இருந்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

சமையலில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும்; ஆர்செனிக் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்றினால் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆனால், நல்ல தண்ணீர் கிடைத்தால், அரிசியை நன்றாகக் களைந்து, ஒன்றுக்கு ஆறு பங்கு தண்ணீர் வைத்து வேகவிட்டு, கஞ்சியை வடித்துவிட்டால், அரிசியில் உள்ள ஆர்செனிக்கில் 57 சதவீதம் வரை போய்விடும் என்று மேற்கு வங்கத்தில் நடந்த ஆய்வு காட்டியது. பாட்டிகள் காலத்து வடிசோறுதான் அது. குக்கரில் வைத்தால் எல்லாம் சோற்றிலேயே தங்கிவிடும். ஆர்செனிக் தண்ணீரிலேயே பொங்கினால், அரிசி அதை இன்னும் இழுத்துக்கொள்ளும்.

மீண்டும் குளத்துக்கு!

பம்ப்பில் மாட்டும் வடிகட்டி இயந்திரங்கள் நிறையவே வந்தன. பல ஊர்களில் அவை துருப்பிடித்துக் கிடக்கின்றன. வடிகட்டும் பொருளைக் குறித்த காலத்தில் மாற்ற ஆள் இல்லை. வடிகட்டி நிறைந்த பிறகும் அதிலேயே பிடித்துக் குடித்த ஊர்களும் உண்டு. ஊர்க்காரர்களே குழு அமைத்து, வீட்டுக்கு வீடு மாதாமாதம் சிறு தொகை வசூலித்துப் பராமரித்த இடங்களில் அவை நீண்ட காலம் ஓடின. இது எந்திரத்தின் குறை அல்ல, பொறுப்பு யாருடையது என்பதில் உள்ள குறை.

கைகாட்டா வட்டாரத்தில் மதுசூதன்காட்டி என்று ஒரு கிராமம். அங்கே விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம், சுலப் நிறுவனத்தின் உதவியோடு ஒரு வேலை செய்தது. நிலத்தடி நீரை விட்டுவிட்டு, குளத்துத் தண்ணீரை எடுத்தார்கள். மழைநீர் சேரும் குளத்தில் ஆர்செனிக் கிடையாது; இருப்பது கலங்கலும் கிருமியும்தான். அதைத் தெளியவைத்து, வடிகட்டி, கிருமி நீக்கி, கேனில் அடைத்து, லிட்டர் 50 காசு என்று விற்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு எந்தக் குளத்தை வேண்டாம் என்று ஒதுக்கினார்களோ, அந்தக் குளம்தான் கடைசியில் கைகொடுத்தது. ஆனால், லிட்டர் 50 காசு என்பதும் ஆறு பேர் உள்ள வீட்டில், குடிக்கவும் சமைக்கவும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கூலிக்காரர் யோசிக்கிற தொகைதான்.

நம் பக்கம் பெரும்பாலும் பாறை நிலம். தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் ஃப்ளூரைடு தண்ணீரால் பல்லும் எலும்பும் பாழானதைப் பார்த்தவர்கள். அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போர்வெல்லில் வந்ததுதான். போர் போட்டவுடன் உப்பா, நல்ல தண்ணியா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறோம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரைக் கொடுத்தால் உப்பின் அளவு, கார அமில நிலை போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். குடிக்கிற தண்ணீராக இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, பிறகு பிடிக்க வேண்டும். ஃப்ளூரைடு, நைட்ரேட், ஆர்செனிக் என்று எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுப்பது நல்லது. கேட்காததை எல்லா இடத்திலும் பார்ப்பதில்லை.